யூனிட்டியில் ‘ஸ்கிரிப்ட் காணோம்’ பிழை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு யூனிட்டி என்ற மென்பொருளில் கேம் செய்கிறார்கள். ரிவ்யூ நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “அண்ணா, நேத்து வரை நல்லா ஓடிச்சு. இன்னைக்கு ஸ்கிரிப்ட் மிஸ்ஸிங்னு காட்டுது.” காலேஜ் லேபில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவே ஒரு பென்டிரைவ். இந்தப் போக்குவரத்தில்தான் பாதிக்கு மேல் பிழைகள் பிறக்கின்றன.

ஸ்கிரிப்ட் என்பது கேமுக்காக நாம் எழுதும் கோட் உள்ள ஃபைல். எழுதிய கோட் உண்மையிலேயே தொலைந்துபோவது அபூர்வம். கோட் அங்கேயேதான் இருக்கும், அதற்கும் கேமுக்கும் உள்ள இணைப்புதான் அறுந்திருக்கும். பதற்றத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் அழிப்பதுதான் கோடை நிஜமாகவே தொலைக்கிறது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

யூனிட்டியை மூடுங்கள். புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் வேறோர் இடத்தில் காப்பி எடுங்கள். உள்ளே இருக்கும் அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட்செட்டிங்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் உங்கள் உழைப்பு. அவற்றில் ஒன்றையும் அழிக்கக் கூடாது. லைப்ரரி, டெம்ப், ஆப்ஜ், லாக்ஸ் ஆகியவை யூனிட்டி தானே உருவாக்கிக்கொள்பவை. அவற்றையும் உடனே அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றி வைத்தால் போதும். காரணம் கீழே வருகிறது.

இன்ஸ்பெக்டரில் (தேர்ந்தெடுத்த பொருளின் விவரம் தெரியும் பகுதி) ‘மிஸ்ஸிங்’ என்று காட்டும் காம்பொனென்டில் (பொருளோடு ஒட்டிய ஸ்கிரிப்ட் போன்ற உறுப்பு) ‘ரிமூவ் காம்பொனென்ட்’ அழுத்தவே அழுத்தாதீர்கள். நீங்கள் அதில் நிரப்பிய வேகம், உயிர், இழுத்துப் போட்ட படங்கள் எல்லாம் இன்னும் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன.

## அறிகுறி 1: கன்சோல் முழுக்கச் சிவப்பு, சிஎஸ்0246 அல்லது சிஎஸ்0234

கன்சோல் என்பது யூனிட்டி பிழைகளைக் காட்டும் பகுதி. ‘டைப் ஆர் நேம்ஸ்பேஸ்’ கிடைக்கவில்லை என்று சொல்லும் பிழை இது. நேம்ஸ்பேஸ் என்பது கோடைத் தொகுத்து வைக்கும் பெயர். நாற்பது வரி சிவப்பாக இருந்தாலும் மலைக்க வேண்டாம். கன்சோலில் கிளியர் அழுத்துங்கள். அழுத்தியும் போகாமல் நிற்பவைதான் கம்பைல் பிழைகள், அதாவது கோடைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற விடாமல் தடுப்பவை. அவற்றில் மேலே இருக்கும் முதல் வரியை மட்டும் படியுங்கள். ஒரு ஸ்கிரிப்டில் பிழை இருந்தாலே புதிய கோட் எதுவும் கம்பைல் ஆகாது, அதனால் சரியாக இருக்கும் ஸ்கிரிப்டுகளும் கெட்டதுபோலத் தெரியும்.

அந்த வரியில் மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருக்கும். அது யாருடைய பெயர் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

நீங்கள் வைத்த பெயர் என்றால்: எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் இரண்டையும் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் அசெட்ஸுக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். நண்பர் எழுதிய பகுதியை வாட்ஸ்அப்பில் வாங்கிச் சேர்க்கும்போது ஒரு ஃபைல் விட்டுப்போவது வழக்கம். ஃபைலும் இருக்கிறது என்றால், அவர் அதை ஒரு நேம்ஸ்பேஸுக்குள் எழுதியிருப்பார். உங்கள் ஸ்கிரிப்டின் தலையில் ‘யூஸிங்’ போட்டு அந்த நேம்ஸ்பேஸின் பெயரைச் சேருங்கள்.

டிஎம்ப்ரோ, யூனிட்டிஎஞ்சின் யூஐ, இன்புட்சிஸ்டம், சினிமெஷின் போன்ற பெயர் என்றால்: அந்தப் பேக்கேஜ், அதாவது யூனிட்டியோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி, இல்லை என்று அர்த்தம். பென்டிரைவில் அசெட்ஸ் ஃபோல்டரை மட்டும் கொண்டு வந்திருப்பீர்கள். எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்ற பட்டியல் பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் மேனிஃபெஸ்ட் என்ற ஜேசன் ஃபைலில் இருக்கிறது. லேப் கம்ப்யூட்டரில் இருந்து அந்த ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டால், நெட் இருக்கும்போது யூனிட்டி மற்றதைத் தானே இறக்கிக்கொள்ளும். லேப் பூட்டியிருந்தால் விண்டோ மெனுவில் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து, யூனிட்டி ரெஜிஸ்ட்ரியில் தேடி ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

பேக்கேஜ் இருக்கிறது, ஆனாலும் பிழை போகவில்லை என்றால் பதிப்பைப் பாருங்கள். சினிமெஷின் 3 வந்தபோது அதன் நேம்ஸ்பேஸ் ‘யூனிட்டி டாட் சினிமெஷின்’ என்று மாறிவிட்டது. பழைய ‘விர்ச்சுவல் கேமரா’ கிளாஸுக்குப் (கோடில் பெயர் வைத்த ஒரு பகுதி) பதிலாக ‘சினிமெஷின்கேமரா’ வந்துவிட்டது. பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து எழுதினால் இங்கேதான் சிக்கும். டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவும் (மேலே சொன்ன டிஎம்ப்ரோ) அப்படியே: யூனிட்டி 6இல் அது தனிப் பேக்கேஜாக இல்லை, யூஜியூஐ பேக்கேஜுக்குள் சேர்ந்துவிட்டது. அங்கே அதைத் தனியாகத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

பேக்கேஜும் பதிப்பும் சரி, இன்னும் பிழை என்றால்: ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலோ அதற்கு மேலுள்ள ஃபோல்டரிலோ ‘அசெம்ப்ளி டெஃபினிஷன்’ ஃபைல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஃபோல்டர் ஒரு தனி வீடு மாதிரி. வெளியே உள்ளவர்களில் யாரை உள்ளே விடலாம் என்று அதில் எழுதி வைத்தால்தான் விடும். அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் ‘அசெம்ப்ளி டெஃபினிஷன் ரெஃபரன்சஸ்’ பகுதியில் தேவையான பேக்கேஜைச் சேர்த்து அப்ளை கொடுங்கள்.

அசெட் ஸ்டோரில் வாங்கிய பொருளின் பெயர் பிழையில் வந்தால், பேக்கேஜ் மேனேஜரில் ‘மை அசெட்ஸ்’ பக்கம் போய் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வாங்கிய அக்கவுண்டில் லாகின் செய்திருக்க வேண்டும், அவ்வளவே. அது உங்கள் யூனிட்டி பதிப்புக்கே ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் கோடை நோண்டாதீர்கள். அதை விற்றவருக்கு எழுதுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு உதவி கேட்பது உங்கள் உரிமை.

## அறிகுறி 2: கன்சோல் சுத்தம், ஆனால் இன்ஸ்பெக்டரில் மஞ்சள் எச்சரிக்கை

ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் ‘மிஸ்ஸிங்’ அல்லது ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று இருக்கும். கீழே ‘அசோசியேட்டட் ஸ்கிரிப்டை லோட் செய்ய முடியவில்லை’ என்ற பொருளில் மஞ்சள் பெட்டி தெரியும். ப்ரீஃபேபில் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சேமித்து வைத்த பொருள்) இது நடந்தால், சேவ் செய்யவும் யூனிட்டி விடாது.

எளியது முதலில்: ஃபைலின் பெயரும் உள்ளே இருக்கும் கிளாஸின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றாக்குங்கள்.

பெயர் சரியாக இருந்தால் மெட்டா ஃபைல் போயிருக்கும். நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சீன் ஃபைல் (கேமின் ஒரு காட்சி சேமிக்கப்படும் ஃபைல்) உங்கள் ஸ்கிரிப்டைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை. 32 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாள எண்ணால் நினைவில் வைக்கிறது. ஜியூஐடி எனப்படும் அந்த எண் ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் அதே பெயரில் இருக்கும் மெட்டா ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்கிரிப்டை மட்டும் காப்பி செய்து மெட்டாவை விட்டுவிட்டாலும், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றினாலும், யூனிட்டி அதைப் புதிய ஃபைல் என்று எண்ணிப் புதிய எண் கொடுத்துவிடும். சீன் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால்: காணாமல்போன அந்த ஸ்கிரிப்ட் கட்டத்துக்குள் சரியான ஸ்கிரிப்டை இழுத்துப் போடுங்கள். மாறிகளின் பெயர்கள் மாறாமல் இருந்தால், நீங்கள் முன்பு கொடுத்த மதிப்புகள் அப்படியே திரும்பி வரும். இதற்காகத்தான் ‘ரிமூவ் காம்பொனென்ட்’ வேண்டாம் என்றேன்.

பல சீன்களில், பல ப்ரீஃபேபுகளில் என்றால்: லேப் கம்ப்யூட்டரில் அசல் மெட்டா ஃபைல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் யூனிட்டியை மூடிவிட்டு அதைக் கொண்டுவந்து புதிய மெட்டாவின் இடத்தில் வையுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் பழைய எண்ணை நாமே மீட்க வேண்டும்:

1. யூனிட்டியை மூடுங்கள். சீன் ஃபைலை நோட்பேடில் திறங்கள். புதிய பதிப்புகளில் அது படிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்கும். குப்பை எழுத்தாகத் தெரிந்தால் அது பைனரியாகச் சேவ் ஆகியிருக்கிறது, இந்த வழி உதவாது.
2. ‘எம்_ஸ்கிரிப்ட்’ (ஆங்கிலத்தில் m_Script) என்று தேடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அதற்குச் சற்றுக் கீழே அந்த ஸ்கிரிப்டின் மாறிகள் வரிசையாக இருக்கும். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஓடுவதுபோல ஒரு ரன்னர் கேம் செய்திருந்தால், ஓட்டக்காரனின் வேகமும் தாவும் உயரமும் நீங்கள் வைத்த பெயரிலேயே தெரியும். அதை வைத்து எது எந்த ஸ்கிரிப்ட் என்று கண்டுபிடித்துவிடலாம்.
3. அந்த வரியில் இருக்கும் 32 எழுத்து ஜியூஐடியைக் காப்பி செய்யுங்கள்.
4. ஸ்கிரிப்டின் இப்போதைய மெட்டா ஃபைலைத் திறந்து, ஜியூஐடி வரியில் இருப்பதை எடுத்துவிட்டுப் பழையதை ஒட்டிச் சேவ் செய்யுங்கள்.
5. யூனிட்டியைத் திறங்கள். எல்லாச் சீன்களும் எல்லா ப்ரீஃபேபுகளும் ஒரே அடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே எண் இரண்டு மெட்டா ஃபைல்களில் இருக்கக் கூடாது, அது மட்டும் கவனம். இந்த வேலையை முழுப் பொறுமையோடு செய்யுங்கள். நூறு பொருள்களில் கையால் இழுத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனிமேல் வராமல் இருக்க, ஃபைலின் பெயரையோ இடத்தையோ மாற்றுவதானால் யூனிட்டியின் புராஜெக்ட் விண்டோவுக்குள்ளேயே மாற்றுங்கள். கிட் (கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள் மெட்டா ஃபைல்களையும் சேர்த்தே கமிட் செய்ய வேண்டும்.

## அறிகுறி 3: ஸ்கிரிப்டை இழுத்துப் போட்டால் ‘ஸ்கிரிப்ட் கிளாஸ் கிடைக்கவில்லை’

ஃபைலின் பெயரைக் கூர்ந்து பாருங்கள். டவுன்லோட் செய்த ஃபைலாக இருந்தால் பெயரின் கடைசியில் அடைப்புக்குள் 1 என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுங்கள். அதே ஸ்கிரிப்ட் அசெட்ஸில் இரண்டு பிரதியாக இருந்தால் சிஎஸ்0101 என்ற வேறு பிழை வரும், பழைய பிரதியை வெளியே நகர்த்துங்கள்.

கிளாஸ் ‘மோனோபிஹேவியர்’ வழி வந்ததா, அப்ஸ்ட்ராக்ட் என்று போட்டுவிட்டீர்களா, ‘எடிட்டர்’ என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் வைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இவ்வளவுதான். இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

## அறிகுறி 4: திறக்கும்போதே ‘சேஃப் மோட்’ கேட்கிறது, அல்லது பேக்கேஜ் பிழை வருகிறது

2020.2 பதிப்பில் இருந்து, கம்பைல் பிழையோடு புராஜெக்டைத் திறந்தால் சேஃப் மோடில் போகலாமா என்று யூனிட்டி கேட்கும். போங்கள், பயமில்லை. பிழை தீர்ந்ததும் அதுவே வெளியே வந்துவிடும். உள்ளே கன்சோலில் சிஎஸ் பிழை இருந்தால் அறிகுறி 1க்குப் போங்கள்.

‘பேக்கேஜ்களை ரிசால்வ் செய்ய முடியவில்லை’ என்று வந்தால் கோடில் தேடாதீர்கள், நெட்டைப் பாருங்கள். கல்லூரி நெட்வொர்க்கில் தடுத்து வைத்திருந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் காரணம் தெரிந்துவிட்டது, லேப் பொறுப்பாளரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்பான இணைப்பு நடக்காது, பேக்கேஜும் இறங்காது. தேதியைச் சரிசெய்தால் உடனே ஓடும். மறுபடி மறுபடி மாறினால் சிஆர்2032 காசு பேட்டரி ஒன்று வாங்கி மாற்றச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான்.

பிழையில் ‘கிட்’ என்ற சொல் இருந்தால், ஏதோ ஒரு பேக்கேஜ் கிட் முகவரியில் இருந்து வருகிறது. கிட்டை இன்ஸ்டால் செய்து, யூனிட்டியையும் யூனிட்டி ஹப்பையும் இரண்டையுமே மூடித் திறக்க வேண்டும். ஹப்பை மூடாமல் விட்டால் அதே பிழை திரும்ப வரும்.

அடுத்து ஃபோல்டர் இருக்கும் இடம். விண்டோஸில் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினால் சில ஃபைல்கள் எழுதப்படாமல் நிற்கும். டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்ட்’ என்று வைத்திருப்பவர்களுக்கு இது வரும். பாதையில் தமிழ் எழுத்து இருந்தாலும் சில கருவிகள் தடுமாறும். டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு சேர்ந்திருந்தால் அதுவும் ஃபைல்களை இழுத்துக்கொண்டே இருக்கும். டி டிரைவின் முதல் நிலையில், ஆங்கிலத்தில் ஒரு குட்டிப் பெயர் வைத்து அங்கே நகர்த்துங்கள்.

கடைசியாக, புராஜெக்ட்செட்டிங்ஸுக்குள் ‘புராஜெக்ட்வெர்ஷன்’ என்ற டெக்ஸ்ட் ஃபைலில் எந்த யூனிட்டி பதிப்பு என்று எழுதியிருக்கும். லேபிலும் வீட்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்து சேவ் செய்ததைப் பழைய பதிப்பில் திறந்தால் எது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: கரண்ட் போய் வந்தபின் எல்லாம் காணோம்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. குலசேகரம், திற்பரப்பு பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் யூனிட்டியைத் திறங்கள். திறந்த கணத்தில் சில தடயங்கள் அழிந்துவிடும்.

திறக்கும் முன் டெம்ப் ஃபோல்டருக்குள் ‘பேக்அப்சீன்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக பிளே அழுத்தியபோது இருந்த சீன் அதில் பேக்அப் ஃபைலாக இருக்கும். அதை வெளியே காப்பி செய்து, நீட்சியை (பெயரின் கடைசிப் பகுதி) மட்டும் .unity என்று மாற்றினால் திறக்கலாம். யூனிட்டியைத் திறந்துவிட்டால் டெம்ப் போய்விடும்.

பிறகு உங்கள் ஸ்கிரிப்டுகளை நோட்பேடில் திறந்து பாருங்கள்.

கோட் நன்றாகத் தெரிகிறது என்றால்: லைப்ரரி ஃபோல்டர்தான் கெட்டிருக்கிறது. அதன் பெயரை ‘லைப்ரரி ஓல்டு’ என்று மாற்றிவிட்டுத் திறங்கள். யூனிட்டி புதிதாக ஒன்றை உருவாக்கும். பெரிய புராஜெக்ட் என்றால் நெடுநேரம் ஆகும், நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் மூடிவிடாதீர்கள்.

ஃபைல் வெறுமையாக இருக்கிறது, அல்லது அளவு பூஜ்யம் என்றால்: சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. கிட் இருந்தால் பழையதை எடுங்கள். கிட் இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு, இதை நிறையப் பேர் அறியாமல் இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி எழுதுகிறார்கள். லைப்ரரி ஃபோல்டருக்குள் ‘ஸ்கிரிப்ட்அசெம்ப்ளீஸ்’ என்று ஓர் உள் ஃபோல்டர் இருக்கும். அதில் ‘அசெம்ப்ளி-சிஷார்ப்’ என்ற டிஎல்எல் ஃபைலில் கடைசியாகச் சரியாகக் கம்பைல் ஆன உங்கள் கோட் முழுவதும் இருக்கிறது. ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் அந்த டிஎல்எல்லைத் திறந்தால் ஒவ்வொரு கிளாஸையும் படிக்கலாம், காப்பி செய்யலாம். நீங்கள் எழுதிய குறிப்புரைகள் போயிருக்கும், சில இடங்களில் உள்மாறிகளின் பெயர் மாறியிருக்கலாம். கோட் வந்துவிடும். அதே ஃபைல் பெயரில், அதே மெட்டாவின் பக்கத்தில் ஒட்டுங்கள். லைப்ரரியை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றச் சொன்னதன் காரணம் இதுதான்.

கரண்ட் போகாமலேயே ஃபைல்கள் அடிக்கடி கெடுகின்றன, காப்பி செய்யும்போது பாதியில் நிற்கிறது, ஹார்ட்டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது என்றால் யூனிட்டியை விடுங்கள். அது டிஸ்க் கோளாறு. மெஷினை அணைத்துவிட்டு ஹார்டுவேர் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஃபார்மட் செய்வதற்கு முன் டேட்டாவை எடுக்க வேண்டும் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஃபார்மட் செய்துதான் கையில் கொடுப்பார்கள்.

## அறிகுறி 6: கேம் ஓடுகிறது, விஷுவல் ஸ்டுடியோவில் மட்டும் சிவப்புக் கோடு

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் எக்ஸ்டர்னல் டூல்ஸ். அங்கே உங்கள் எடிட்டர் தேர்வாகி இருக்கட்டும். ‘ரீஜெனரேட் புராஜெக்ட் ஃபைல்ஸ்’ அழுத்துங்கள். போகவில்லை என்றால் பேக்கேஜ் மேனேஜரில் ‘விஷுவல் ஸ்டுடியோ எடிட்டர்’ பேக்கேஜை அப்டேட் செய்யுங்கள். விஎஸ் கோடுக்கும் அதே பேக்கேஜ்தான், கூடவே யூனிட்டி எக்ஸ்டென்ஷனும் வேண்டும். கேம் ஓடுவதால் இது அவசரமில்லை, ரிவ்யூ முடிந்தும் பார்க்கலாம்.

## அறிகுறி 7: எடிட்டரில் ஓடுகிறது, பில்ட் எடுத்தால் பிழை

‘யூனிட்டிஎடிட்டர்’ என்ற பெயர் பிழையில் இருக்கிறதா? அந்த நேம்ஸ்பேஸ் பில்டுக்குள், அதாவது வெளியே கொடுக்கும் முடிந்த கேமுக்குள், வராது. பெரும்பாலும் நீங்கள் போடாமலேயே ஆட்டோ கம்ப்ளீட் அந்த ‘யூஸிங்’ வரியைச் சேர்த்திருக்கும். தேவையில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடிட்டருக்கான ஸ்கிரிப்ட்தான் என்றால் ‘எடிட்டர்’ ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள்.

ஐஎல்2சிபிபி, மோனோ இரண்டும் பில்டுக்காகக் கோடைத் தயார்செய்யும் இரண்டு வழிகள். ‘ஐஎல்2சிபிபி இன்ஸ்டால் ஆகவில்லை’ என்று வந்தால் யூனிட்டி ஹப்பில் இன்ஸ்டால்ஸ் பக்கம் போய், உங்கள் பதிப்பின் பக்கத்தில் உள்ள மெனுவில் ‘ஆட் மாட்யூல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் என்றால் ஐஎல்2சிபிபி உள்ள பில்ட் சப்போர்ட். அதோடு விஷுவல் ஸ்டுடியோவில் சி++ டெஸ்க்டாப் பகுதியும் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் ஆண்ட்ராய்டு பில்ட் சப்போர்ட், அதன் கீழுள்ள எஸ்டிகே, என்டிகே, ஓப்பன்ஜேடிகே எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். ஜிபி கணக்கில் இறங்கும், மொபைல் டேட்டாவில் தொடங்கிவிடாதீர்கள்.

‘ஆட் மாட்யூல்ஸ்’ வரவே இல்லையென்றால் அந்த யூனிட்டி ஹப் வழியாக இன்ஸ்டால் ஆனதல்ல. அதே பதிப்பை ஹப் வழியாகப் போடுவதுதான் எளிது.

மோனோவுக்கு மாற்றிவிட்டால் ஓடுமே என்று சிலர் கேட்கிறார்கள். விண்டோஸில் காட்டிவிட்டு வருவதானால் சரி. ஆண்ட்ராய்டில் மோனோ 32 பிட் மட்டுமே, பிளே ஸ்டோர் 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் கேட்கிறது. ஸ்டோரில் போட நினைப்பவர்களுக்கு ஐஎல்2சிபிபி தவிர வழியில்லை.

## அறிகுறி 8: போனில் மட்டும் நின்றுவிடுகிறது

‘டிஎல்எல் நாட் ஃபவுண்ட்’ என்று லாகில் வந்தால், அந்தப் பிளகினைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டரில் ஆண்ட்ராய்டு, ஏஆர்எம்64 இரண்டும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘மிஸ்ஸிங் மெத்தட்’ என்றோ ஒரு டைப் கிடைக்கவில்லை என்றோ வந்தால், பயன்படாதது என்று எண்ணி யூனிட்டி கோடை வெட்டியிருக்கிறது. பிளேயர் செட்டிங்ஸில் ‘மேனேஜ்டு ஸ்ட்ரிப்பிங் லெவல்’ என்பதைக் குறைத்துப் பாருங்கள். அதில் சரியானால், வெட்டக் கூடாததை ‘லிங்க்’ என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி அசெட்ஸில் வைக்கலாம்.

பிளகினின் உட்பகுதியிலேயே, சி++ லிங்கர் பிழையாக வந்தால் இங்கே நிறுத்துங்கள். அது ஆண்ட்ராய்டு நேட்டிவ் வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டியது. நாள் கணக்கில் தட்டிக்கொண்டிருப்பது வீண்.

யாரிடம் கொண்டுபோனாலும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட்செட்டிங்ஸ் மூன்றையும் ஜிப் செய்யுங்கள். கன்சோலின் மூலையில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘ஓப்பன் எடிட்டர் லாக்’ கொடுத்தால் திறக்கும் ஃபைலையும் சேருங்கள். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு எதைக் காப்பி செய்தீர்கள், எதன் பெயரை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பென்டிரைவில் கொடுப்பதானால் லைப்ரரியை விட்டுவிடலாம், கோட் ஃபைல் வெறுமையாகிப்போன கேஸ் என்றால் மட்டும் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.